காதற் கதைகளும் கற்றோர் நோக்கும்

பாடநூலின் நடுவே மறைத்து வைத்து வாசிக்கப்படும் நூல் யாதென வினவின், அது பெரும்பாலும் காதற் கதையாகவே இருக்கும். அத்தகைய நூலைக் கண்ட ஆசிரியர் அதனைப் பறிப்பர், பெற்றோர் கடிவர், திறனாய்வாளரோ அதன் பெயரைக் கூறவும் நாணுவர். இங்ஙனம் யாவராலும் இகழப்பட்ட காதற் கதையும் காதற் பாட்டும் இன்று பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பொருளாய் அமைந்துள்ளன. அவ்வாராய்ச்சி எவ்வாறு தோன்றிற்று, எங்கே வழிதவறிற்று, எதனால் நேர்வழிப்பட்டது என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் இரு பெரு வினாக்கள் எழுந்தன. காதல் என்பது மக்கள் யாவர்க்கும் இயல்பாய் உள்ளதோ, அன்றி ஒரு காலத்தில் ஒரு நாட்டார் கண்டுபிடித்துப் பிறர்க்கு வழங்கியதோ என்பது ஒன்று. காதற் கதைகளை விரும்பி வாசிக்கும் பொதுமக்கள் மயக்கத்துக்கு ஆளாகிய பேதையரோ, அன்றித் தாம் வாசிப்பது இன்னதென அறிந்தே வாசிப்பவரோ என்பது மற்றொன்று. இவை தொடர்பற்றன போலத் தோன்றினும், இவ்விரண்டிற்கும் அறிஞர் நெடுங்காலம் விடை கண்ட முறை ஒன்றே. பாடியவரையும் வாசித்தவரையும் கேளாது அவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுதலே அம்முறையாகும். அத்தீர்ப்புக்கள் பின்னர் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தமையை வரலாறு காட்டுகின்றது.

1883ஆம் ஆண்டிலே கஸ்தோன் பரி என்னும் பிரெஞ்சு அறிஞர், கிறெத்தியன் த துறுவா என்னும் புலவர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய லான்சலொட் கதையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையொன்று வெளியிட்டார். ஆதர் மன்னனின் தேவியைக் காதலித்த வீரன் லான்சலொட், குற்றவாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் அவள் பொருட்டு ஏறி அவமானமுற்றான் என்பது அக்கதையின் ஒரு பகுதி. பிறன் மனையாளை விரும்புதல், அவள் முன் தன்னை ஏவலாளாய்த் தாழ்த்திக் கொள்ளல், காதலை விதிகளையுடைய ஒரு கலையாகப் பயிலல் ஆகிய இயல்புகளைத் தொகுத்து, அவற்றிற்கு ‘அரசவைக் காதல்’ எனப் பொருள்படும் பெயரைப் பரி வழங்கினார். ஒரு கதையை விளக்க வந்த அப்பெயர், சில ஆண்டுகளில் ஒரு காலத்து ஐரோப்பிய உள்ளம் முழுவதையும் விளக்கும் கோட்பாடாக வளர்ந்துவிட்டது.

அக்கோட்பாட்டினை உலகறியச் செய்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ஒக்ஸ்போட்டு ஆசிரியராகிய சி. எஸ். லூயிஸ். 1936இல் வெளிவந்த ‘காதல் உருவகம்’ பற்றிய நூலிலே, தென் பிரான்சில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்காதல் திடீரெனத் தோன்றிற்று என்றும், அம்மாற்றத்தோடு ஒப்பிடின் மறுமலர்ச்சிக் காலத்து மாற்றமும் சிறிதே என்றும் அவர் வாதித்தார். மற்றவர் சுவிற்சலாந்தைச் சேர்ந்த தெனி த றூஜ்மொன். 1939இல் தாம் வெளியிட்ட நூலிலே, திறிஸ்தான் கதையில் விளங்கும் காதல் உண்மையில் இடையூற்றையும் இறப்பையும் நாடும் வேட்கையே என்றும், அதன் வேர் அக்காலத்துச் சமய முரண்பாடு ஒன்றில் உளது என்றும் அவர் கொண்டார். தம் காலத்துத் திரைப்படமும் மலிவு நாவலும் அப்பழங்கதையின் தேய்ந்த உருவங்களே என்பதும் அவர் கருத்து.

இவ்விருவரும் பெரும் புலமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கொள்கையினின்று பெறப்படும் முடிவுகள் இரண்டு உள. காதல் ஐரோப்பாவின் ஒரு மூலையிற் பிறந்ததாயின், ஏனைய மக்களிடம் இருந்தது வெறும் உடல் வேட்கை, அன்றேல் குடும்ப ஒழுங்கு மாத்திரமே என்பது ஒன்று. அது அரசவையிற் பிறந்ததாயின், உழவனும் நெசவாளியும் பணிப்பெண்ணும் பாடும் காதற் பாட்டு, மேலோர் இலையில் எஞ்சிய மிச்சிலேயன்றித் தனக்கென வேருடையதன்று என்பது மற்றொன்று. இம்முடிவுகள் வாய்மையாயின், உலகத்தில் மிகப் பெரும்பாலான மக்களின் உள்ளம் ஆராய்தற்கே தகுதியற்றதாய் முடியும்.

இக்கொள்கைக்கு எதிரான சான்று எதிர்பாராத இடத்தினின்று வந்தது. இசுலாமியர் ஆட்சிக்குட்பட்டிருந்த இசுப்பானியாவிலே யூதப் புலவர்கள் எபிரேய மொழியில் இயற்றிய சில பாடல்களின் இறுதி அடிகள் பொருள் விளங்காமற் கிடந்தன. சாமுவேல் ஸ்ரேண் என்னும் அறிஞர் அவை எபிரேய எழுத்தில் வரையப்பட்ட பழைய இசுப்பானியப் பேச்சுமொழி என்பதை 1948இல் விளக்கினார். அவ்வடிகள் பெரும்பாலும் ஓர் இளம்பெண்ணின் கூற்றாய் அமைந்தவை. பிரிந்த காதலனை நினைந்து அவள் தன் தாயிடத்தும் உடன்பிறந்தாரிடத்தும் துயருரைக்கின்றாள். அவற்றுட் சில 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை. அஃதாவது, தென் பிரான்சின் முதற் காதற் புலவனாகக் கொள்ளப்படும் அக்கித்தேன் கோமகன் வில்லியம் 1071இல் பிறப்பதற்கும் முற்பட்டவை. அவ்வடிகள் மக்கள் வாயிற் பயின்ற பாடல்களோ, அப்புலவரே அம்முறையிற் புனைந்தவையோ என்பது பற்றி அறிஞரிடை வாதம் நிகழ்ந்ததுண்டு. எனினும், அரசவை வீரன் பேசத் தொடங்குமுன் சாதாரணப் பெண்ணொருத்தியின் குரல் காதற் பாட்டில் ஒலித்தது என்பதை எவரும் மறுத்தற்கியலாது. அதே இசுப்பானியாவில், அதே நூற்றாண்டின் முற்பகுதியில், கொர்டோவா நகரத்து இப்னு ஹஸ்ம் காதலின் இயல்புகளைப் பற்றி அரபு மொழியிலே தனி நூலொன்றே எழுதியிருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பீற்றர் துறொங்க் என்னும் அறிஞர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அதிகாரத்திலேயே, மக்கள் பாட்டும் அவைப் பாட்டும் அடிப்படையில் ஒன்றே என்னும் கருத்தை நிறுவ முற்பட்டார். பழைய எகிப்தியப் பாடல்கள் முதலாகப் பல மொழிப் பாடல்களை எடுத்துக்காட்டி, இவ்வுணர்ச்சி எக்காலத்தும் எந்நாட்டும் எவ்வகுப்பாரிடத்தும் தோன்றவல்லது என்று அவர் கூறினார். அமெரிக்க அறிஞர் டி. டபிள்யூ. றொபேட்சன் வேறொரு வழியால் அக்கோட்பாட்டைத் தாக்கினார். இடைக்கால நூல்களை விளங்குதற்கு ‘அரசவைக் காதல்’ என்னும் கருத்தே ஒரு தடை என 1967இல் நிகழ்ந்த மாநாடொன்றில் அவர் வாதித்தார். பரி இட்ட பெயர் இவ்வாறு 84 ஆண்டுகளின் பின் நீதிமன்றில் நிறுத்தப்பட்டது எனலாம்.

அரசவையை விடுத்து அச்சகத்துக்கு வருவோமாயின், இரண்டாவது வினா எழுகின்றது. சாமுவேல் றிச்சாட்சன் 1740இல் வெளியிட்ட ‘பமீலா’ என்னும் நாவலின் தலைவி ஒரு பணிப்பெண். அவள் தன் நிறை காத்து, தன்னை வஞ்சிக்க முயன்ற எசமானனையே முறைப்படி மணந்த கதை பெரும் பரபரப்பை ஏற்படுத்திற்று. அக்காலந்தொட்டு, பெண்கள் நாவல் வாசித்துக் கெட்டுப்போகின்றனர் என்னும் முறைப்பாடும் ஓயாது கேட்கலாயிற்று. 1977இல் லோறன்ஸ் ஸ்ரோன் என்னும் வரலாற்றாசிரியர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே காதல் நாவலும் காதலித்து மணக்கும் வழக்கமும் இங்கிலாந்தில் ஒருங்கே வளர்ந்தன என்று எழுதினார். அலன் மக்பார்லேன் 1986இல் அதனை மறுத்து, ஒருவரையொருவர் விரும்பி மணத்தல் அந்நாட்டில் அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே இருந்ததென்றார். இவ்வாதத்தால் ஓர் உண்மை தெளிவாயிற்று. காதல் என்னும் உணர்ச்சி வேறு. அதனையே மணத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் சமூக வழக்கம் வேறு. முன்னையது எங்கும் இருத்தல் கூடும். பின்னையது காலத்தாலும் இடத்தாலும் மாறுபடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே பல அறிஞர் இடர்ப்பட்டனர்.

1908இல் இலண்டனில் ஜெரல்ட் மில்ஸ், சாள்ஸ் பூன் என்னும் இருவர் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினர். முதலிற் பலவகை நூல்களையும் வெளியிட்ட அப்பதிப்பகம் காலப்போக்கிற் காதற் கதைகளுக்கே பெயர் பெற்றது. கனடாவிலே வினிப்பெக் நகரில் 1949இல் தோன்றிய ஹார்லிக்குயின் பதிப்பகம் அக்கதைகளை மறுபதிப்புச் செய்து வளர்ந்து, 1971இல் இலண்டன் பதிப்பகத்தையே விலைக்கு வாங்கிற்று. இவ்வாறு காதற் கதை பெருந்தொழிலாயிற்று. கற்றோர் இதனைக் கண்டு வெகுண்டனர். கேம்பிறிட்ச் அறிஞராகிய கியூ. டி. லீவிஸ் அம்மையார் 1932இல் வெளியிட்ட நூலில், மலிவு நாவல்கள் வாசகரின் சுவையுணர்வைச் சிதைத்தன என்று கடிந்தார். தம் ஆராய்ச்சி முறை மானிடவியல் சார்ந்தது எனக் கூறிய அவர், புகழ்பெற்ற நாவலாசிரியர்க்கு வினாக்கொத்து அனுப்பினாரேயன்றி, நாவலை வாசித்தார்க்கு அனுப்பினாரல்லர். 1970இல் ஜேர்மேன் கிறியர் அம்மையார், பெண்கள் தம்மைப் பிணித்த சங்கிலியைத் தாமே போற்றுதற்கு இக்கதைகள் துணைசெய்கின்றன எனக் குற்றஞ்சாட்டினார். லீவிஸ் சுவையின் பெயராற் பேசினார். கிறியர் விடுதலையின் பெயராற் பேசினார். இருவர்க்கும் பொதுவாய் அமைந்தது, வாசகி யாதொன்றும் அறியாதவள் என்னும் எண்ணமே.

வாசகரையே வினவிப் பார்ப்போம் என்ற முயற்சியும் தோன்றிற்று. ஷெபீல்ட் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் பீற்றர் மான் 1969இல், அவ்விலண்டன் பதிப்பகத்தின் துணையோடு, காதல் நாவல் வாசிப்போரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். இக்கதைகளை வாசிப்போர் வாழ்வில் ஏமாற்றமடைந்த தனிமைப் பெண்டிரே எனப் பலர் கருதியிருந்தனர். ஆய்வு காட்டிய வாசகரோ பல வயதினர், பல தொழிலினர், இல்லறம் நடத்துவோரும் அவருட் பலர். வெளியீட்டாளரின் துணையால் நிகழ்ந்த ஆய்வாதலின், அதனை ஆராயாது முழுதும் ஏற்றல் தகாது. எனினும், வாசகர் முகத்தைக் காண முயன்ற முன்னோடி முயற்சி என்னும் வகையில் அது போற்றற்பாலது.

இத்துறையின் போக்கையே மாற்றிய நூல் 1984இல் வெளிவந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜானிஸ் றட்வே அம்மையார், நாட்டின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஓர் ஊருக்குச் சென்றார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து அதற்கு ஸ்மித்தன் எனப் புனைபெயர் இட்டார். அங்கே புத்தகக் கடையொன்றிற் பணிபுரிந்த பெண்மணி ஒருவர், எந்தக் காதற் கதை நல்லது, எது தீயது எனத் தம் வாடிக்கையாளர்க்கு அறிவுரை கூறிவந்தார். அப்பெண்மணி வழியாக 42 வாசகியர் வினாக்கொத்துக்கு விடையளித்தனர். 16 பேருடன் றட்வே நேரில் நீண்டு உரையாடினார். அவருட் பெரும்பாலோர் கணவரும் பிள்ளைகளும் உடைய இல்லத்தரசிகள்.

அவர்கள் கூறிய விடைகள் எதிர்பாராதவை. ஏன் வாசிக்கின்றீர்கள் என்ற வினாவுக்கு அவர்கள் கதையைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. வாசித்தல் என்னும் செயலைப் பற்றியே பேசினர். நாள் முழுவதும் கணவர்க்கும் மக்கட்கும் உழைக்கும் பெண்ணுக்கு, நூல் கையில் இருக்கும் அச்சிறு பொழுதே தனக்கென உரிய பொழுது என்றனர். எல்லாக் கதைகளையும் ஒருபடித்தாய் ஏற்றவரும் அவரல்லர். தலைவியை இரக்கமின்றித் துன்புறுத்தும் தலைவனை உடைய கதையை வெறுத்தனர். அறிவும் துணிவும் உடைய தலைவியையும், இறுதியில் அன்பால் நெகிழும் தலைவனையும் நாடினர். கதை நிகழும் நாட்டையும் காலத்தையும் பற்றி அறிவு பெறுவதாகவும் பெருமையோடு கூறினர்.

றட்வே இவற்றைக் கேட்டு இக்கதைகளைப் புகழ்ந்துவிட்டார் என எண்ணுதல் தவறு. வாசிப்பு ஒரு மெல்லிய எதிர்ப்பாகும்; ஆயினும் கதை தரும் ஆறுதல், வாழ்க்கையை மாற்றும் முயற்சிக்குப் பதிலாய் அமைந்துவிடலாம் என அவர் முடிவு கூறினார். 1991இல் வெளிவந்த புதிய பதிப்பின் முன்னுரையிலே தம் பழைய ஆராய்ச்சியின் குறைகளைத் தாமே எடுத்துரைத்தார். அதற்கடுத்த ஆண்டில் காதல் நாவலாசிரியைகள் பலர் சேர்ந்து, தம் எழுத்தைப் பற்றித் தாமே கட்டுரைகள் எழுதித் தொகுதியாக வெளியிட்டனர். 2003இல் பமேலா றெஜிஸ் என்பார் காதல் நாவலுக்கு இன்றியமையாத உறுப்புக்கள் எட்டு எனப் பகுத்துக் காட்டினார். 2010ஆம் ஆண்டுமுதல் இத்துறைக்கெனத் தனி ஆராய்ச்சி இதழும் வெளிவரலாயிற்று.

முதல் வினாவுக்கும் 1992இல் ஒரு வலிய விடை கிடைத்தது. வில்லியம் ஜான்கோவியாக், எட்வேட் பிஷர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் உலகின் 166 சமூகங்களைப் பற்றிய குறிப்புக்களை ஆராய்ந்து, 147 சமூகங்களில், அஃதாவது நூற்றுக்கு 88.5 பங்கில், காதல் உண்மைக்குச் சான்று உண்டெனக் கண்டனர். எஞ்சியவற்றின் நிலை பெரும்பாலும் காதலின்மையைக் காட்டவில்லை. குறித்தவர் அதனைக் குறியாது விட்டமையையே காட்டுகின்றது என அவர்கள் கருதினர். அவர்கள் எவற்றைச் சான்றாகக் கொண்டனர் என்பதே ஈண்டு முதன்மையாகக் கருதத்தக்கது. பிரிவால் வருந்துவோர் கூற்று, விரும்பியவருடன் உடன்போதல் ஆகியவற்றோடு நாட்டார் கதைகளும் காதற் பாடல்களும் சான்றுகளாயின. மேலோர் இலையின் மிச்சில் என எண்ணப்பட்ட மக்கள் பாட்டே, மனித இயல்பு பற்றிய வழக்கிற் சாட்சியாய் நின்றது.

இவ்வரலாற்றிலே தமிழர்க்குத் தனி உரிமை ஒன்று உண்டு. கஸ்தோன் பரி தம் கட்டுரையை வெளியிட்ட 1883ஆம் ஆண்டினை அடுத்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887இல் கலித்தொகையும் அச்சேறின. அவற்றை ஏட்டினின்று எடுத்துப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஆவர். குறுந்தொகை 1915இல் அச்சாயிற்று, உ. வே. சாமிநாதையர் பதிப்பு 1937இல் வெளிவந்தது. காதல் தென் பிரான்சிற் பிறந்தது என்று லூயிஸ் எழுதிய காலத்திலே, அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட காதற் பாடல்கள் தமிழிற் பதிப்பிக்கப்பட்டு இருந்தன. ஆயினும் அவை மேனாட்டு அறிஞர் பார்வைக்கு எட்டவில்லை. 1967இல் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட பின்னரே ஆங்கிலம் கற்றோர் பலர் அவற்றை அறிந்தனர்.

அகப்பாடல்கள் வேறொரு வகையாலும் இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரிவன. காதல் நாவலின்மேற் சாற்றப்படும் முதற் குற்றம், அஃது ஒரே வாய்பாட்டில் அமைந்தது என்பது. சந்திப்பு, இடையூறு, துயர், மணம் என எல்லாக் கதையும் ஒன்றே என்பர். தமிழ் அகமரபோ இதனினும் இறுகிய வாய்பாடுடையது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. பேசுதற்குரியார் இன்னார் என வரையறை உண்டு. நிலமும் பொழுதும் உணர்ச்சியும் திணையாய் வகுக்கப்பட்டுள்ளன. களவு அலராகி, இற்செறிப்பு நிகழ்ந்து, வரைவில் முடியும். இவ்வரையறைக்குள் நின்றே வெள்ளிவீதியார் முதலிய புலவர் நெஞ்சை உருக்கும் பாடல்களைப் பாடினர். ஆதலின், வாய்பாடு உண்மை ஒன்றே இழிவுக்குக் காரணமாகாது. மலிவு நாவலும் குறுந்தொகையும் சிறப்பால் ஒன்றென்பது இதன் பொருளன்று. இழிவென்று கூறுவோர் அதற்குரிய காரணத்தை வேறு காட்டவேண்டும் என்பதே கருத்து.

1883 முதல் இன்றுவரை நிகழ்ந்த இவ்வாராய்ச்சி, புதிய நூல் எழுந்த ஞான்றெல்லாம் முன்னேறியதன்று. புறக்கணிக்கப்பட்ட குரலொன்று கேட்கப்பட்ட ஞான்றே முன்னேறிற்று. இசுப்பானியப் பெண்ணின் ஈரடி, ஸ்மித்தன் இல்லத்தரசியின் விடை, பெயரறியா மக்களின் பாட்டு ஆகியவை அத்தகைய குரல்கள். ஈழத்திலும் வயலிலும் கடற்கரையிலும் பாடப்பட்ட காதற் பாடல்கள், அவற்றை அறிந்த மூதாட்டியர் நினைவிற் சில இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். ஏடுகள் சிதையுமுன் அவற்றைத் தேடிச் சென்றவர் பிறந்த நாட்டிலே, அம்மூதாட்டியர் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைத்தல் மாணவர்க்கு இயலாத காரியமன்று. பாடநூலின் நடுவே மறைந்திருக்கும் கதைநூலைக் கண்டெடுக்கும் ஆசிரியரும், அதனைப் பறிக்குமுன் அதில் யாது கண்டாய் என ஒருமுறை வினவுவாராயின், அவ்விடை அவர்க்கும் பயன்படும்.